பத்துக் கோடியே ஏழு

தில்லை நகரில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் டைப்பிஸ்டாக இருந்தாள் லூர்துராணி. 1978-இல் அம்மா இறந்த பிறகு வீட்டில் அவளோடு பேச ஆளில்லை. கணிதம் படித்தவள். பத்துக் கோடியே ஏழு பகா எண்தானா என்று கையாலேயே வகுத்துப் பார்க்க முடிவு செய்தாள். பகா எண் என்றால், ஒன்றையும் அந்த எண்ணையும் தவிர வேறெந்த எண்ணும் அதை மீதியின்றி வகுக்கக் கூடாது. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய பத்தாயிரம் என்பதால், பத்தாயிரத்துக்குக் கீழுள்ள 1,229 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும்.

வேலை முடிந்து வந்ததும் தினம் மூன்று வகுத்தல். ஒரு மாலை மீதி பூஜ்யம் என்று வந்துவிட்டது. பாடுபட்டதெல்லாம் போயிற்றே என்று அழுதாள். மறுநாள் திரும்பப் போட்டபோதுதான் கழித்தலில் பிசகியிருந்தது தெரிந்தது.

பதினான்காம் மாதம் கடைசி எண்ணான 9,973-க்கு வந்தாள். மீதி 736. பகா எண்ணேதான்! யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வாசல்வரை போனவள், யாருமில்லாமல் திரும்பி வந்தாள்.

மறுநாள் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் ரெங்கராஜிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அத்தனையும் நீங்களே வகுத்தீங்களா?"

"ஆமாங்க."

அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளை இழுத்து, அந்த எண்ணை ஏழால் வகுத்தார்.

"ரெண்டு மிச்சம் வருதுங்க. சரியா?"

"சரிதாங்க" என்றாள்.