மாமனாரின் வாழ்க்கையை அழித்த மாப்பிள்ளை

அந்த மருந்துக் கிடங்கில் கணக்கு பார்ப்பவரை எல்லோரும் சுத்தம் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். மேசையில் ஒரு குண்டூசி கோணலாகக் கிடந்தால் மனிதருக்குச் சோறு இறங்காது. வீட்டுக் கம்ப்யூட்டரையும் அவர் விட்டுவைக்கவில்லை. திரை மூலையில் இருக்கும் குப்பைத்தொட்டியைக் காலி செய்யாமல் ஒருநாளும் படுக்கப் போனதில்லை.

அப்படிப்பட்டவரிடம் மாமனார் தன் வாழ்க்கையைக் கொடுத்தாரே, அதை விதி என்றுதான் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற தபால்காரர். ஞாயிறுதோறும் அவர் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை தட்டச்சு செய்தார். எழுபதாவது பிறந்தநாளுக்குப் புத்தகமாகப் போட்டு உறவுக்காரர்களுக்கெல்லாம் கொடுப்பதாக ஏற்பாடு.

"பத்திரமா இருக்கா மாப்பிள்ளை?"

"ரெண்டு இடத்துல இருக்கு மாமா."

இருந்தது உண்மைதான். கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று. ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருப்பது சுத்தம் சாரின் கண்ணை உறுத்த, பென் டிரைவில் இருந்ததை அழித்தார். பிறகொரு நாள் அதை மறந்துபோய், 'அதான் பென் டிரைவில் இருக்கிறதே' என்று கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்தார். வழக்கம்போல் தொட்டியும் காலி.

இரண்டு இடத்திலும் இல்லை என்பது உறைத்ததும், அழிந்ததை மீட்கும் மென்பொருள் ஒன்றை இறக்கி, அதே கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்கு ஓடினார்.

கடைக்காரப் பெண் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அழிச்ச ஃபைல் உடனே போயிடாது சார். அந்த இடத்துல புதுசா எதையாவது வச்சாதான் போகும். காப்பாத்தறேன்னு அதும் மேலயே ஏறி உட்கார்ந்துட்டீங்களே! சரி, பேக்கப் எங்க?"

சுத்தம் சார் காலி பென் டிரைவை எடுத்து நீட்டினார்.

பாதிதான் தேறியது. பிறந்தது, படித்தது, வேலை கிடைத்தது வரை இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வரி இல்லை.

மாமனார் வீட்டில் போய் ஒப்புக்கொண்டபோது பெரியவர் திட்டவில்லை. கண் கலங்கிவிட்டது. அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம் என்று சுத்தம் சாருக்கே அழுகை வந்தது.

"விடுங்க மாப்பிள்ளை. மறுபடி அத்தனையும் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

அடுப்படியிலிருந்து கையைத் துடைத்தபடி மாமியார் வந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் நடந்ததுதானே போச்சு? நான் சொல்றேன், தட்டுங்க மாப்பிள்ளை. முதல்ல, பையில இருந்த தபாலை எல்லாம் நாய்க்குப் பயந்து இவர் கிணத்துல போட்டாரே, அது."

மாமனார் துள்ளி எழுந்தார்.

"நீ சும்மா இரு! எழுதிக்குங்க மாப்பிள்ளை, நானே சொல்றேன்!"

மாமியார் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"தாராளமா சொல்லுங்க. தப்பாச் சொன்னா திருத்தத்தான் நான் இருக்கேனே."