உம் கொட்டாத ஊர்

டெனிஷ் வகுப்பில் நான் முதன்முதலாகக் கதை சொன்ன அன்று ஆசிரியை பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி இருந்தார். ஒரு வசனம் சொன்னேன், நிறுத்தினேன். அவர் பேசாமல் பார்த்தார். இன்னொன்று சொன்னேன், நிறுத்தினேன். வகுப்பில் இருந்த மற்றவர்களும் வாய் திறக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்க விருப்பமில்லை என்றால் சொல்லித் தொலைக்கலாமே.

"ஏன் நிறுத்துகிறீர்கள், சொல் மறந்துவிட்டதா?" என்று கேட்டார்.

"நீங்கள் கேட்கிறீர்களா என்று பார்க்கிறேன்" என்றேன்.

எங்கள் ஆட்களிடம் கதை கேட்கிறவர் உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நிற்கும். கேட்பவர் நித்திரையாகிவிட்டார், அல்லது கோபித்துக்கொண்டார் என்று அர்த்தம். டெனிஷ்காரர்களும் சும்மா கதைக்கும்போது 'யா' என்பார்கள், அதுவும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு. முதன்முதலில் அதைக் கேட்டபோது ஆளுக்கு இழுப்பு வந்துவிட்டதோ என்று பயந்தேன். ஆனால் ஒருவர் கதை என்று தொடங்கிவிட்டால் அந்த யாவும் போய்விடும். இடையில் சத்தம் போடுவது மரியாதைக் குறைவாம்.

இது எண்பதுகளின் நடுப்பகுதி, ஹேர்னிங் நகரம். கணவருக்குத் துணித் தொழிற்சாலையில் வேலை. நான் ஊரில் தாதிப் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள். இங்கே முதியோர் இல்ல வேலைக்குப் படிக்க வேண்டுமென்றால் டெனிஷ் வாய்மொழிச் சோதனையில் பாஸ் பண்ண வேண்டும். ஒரு கதையை வாசித்து அதைச் சொந்தச் சொல்லில் சொல்வதுதான் சோதனை. தவறினால் அந்த வருடம் போச்சு. எனக்கு அந்தப் படிப்பு வேண்டும். நாடி பிடித்துப் பழகிய கையை வைத்துக்கொண்டு வீட்டில் சும்மா இருக்கப் பைத்தியம் பிடித்தது.

கதை தேடி நூலகத்துக்குப் போனேன். மத்தியகால இத்தாலியக் கதைகள், டெனிஷில், மெல்லிய புத்தகம். மெல்லியது என்பதற்காகவே எடுத்தேன். மலைப்பாதையைப் பனி மூடிவிட, ஒரு சத்திரத்தில் அடைபட்ட பயணிகள் முறைவைத்துச் சொல்லும் கதைகள் என்று முன்னுரையில் போட்டிருந்தது. உள்ளே பார்த்தால் பயணிகளைக் காணோம். ஒரு கதை முடிய அடுத்த கதை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு மண்டை குடைந்தது. சோதனைக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் நூலகரிடம் போய்க் கேட்டுவிட்டேன்.

அவர் உள்ளே போய், அதே நூலின் புதிய மொழிபெயர்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். செங்கல் பருமன். அதில் எல்லாரும் இருந்தார்கள். கதையின் நடுவில் சத்திரக்காரி சிரித்தாள், ஒரு வியாபாரி பொய் பொய் என்று கத்தினான், பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு தொடர்ந்து சொல்லச் சொன்னார்கள். பழைய மொழிபெயர்ப்பாளர் இவர்களையெல்லாம் வெட்டிவிட்டார். அது மட்டுமா, பழையதில் வைத்தியராக வந்த கள்ளன் புதியதில் துறவியாக இருந்தான். இரண்டையும் வீட்டு மேசையில் விரித்துவைத்து, இவர் எதை மறைத்தார், அவர் எதைத் திறந்தார் என்று பக்கம் பக்கமாகத் துருவினேன். சோறு அடிப்பிடித்தது.

ஆசிரியையிடம் இரண்டையும் காட்டி, "கேட்கிறவர்களை வெட்டினால் கதை செத்துப்போகும்" என்றேன். அவர் சிரித்தார். "கதைதானே முக்கியம்?" என்றார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. சனிக்கிழமை வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

வந்தார். அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் கம்பளத்தில் இருக்க, அவர் சோபாவில் தேநீரோடு இருந்தார். நான் அவருக்குப் புத்தகத்தில் காட்டியிருந்த அந்தத் துறவியின் கதையைத் தமிழில் தொடங்கினேன். கணவனை இழந்த ஒருத்தியிடம் ஒரு துறவி வருகிறான். உன் கணவன் என் கனவில் வந்து மேலுலகத்தில் குளிர்கிறது என்றான், அவனுடைய கம்பளி அங்கியைத் தா, கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்கிறான். அவள் அழுது அழுது கொடுக்கிறாள்.

"சாமிமாரை இப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா, பாவம்" என்றாள் மன்னார்க் கத்தோலிக்கப் பெண் ஒருத்தி. பிறகு, "சரி, சொல்லுங்கோ, அங்கியை என்ன செய்தவன்?" என்றாள்.

உம், உம் என்று கதை ஓடியது. அடுத்த கிழமை சந்தையில் அதே அங்கியைப் போட்டுக்கொண்டு துறவி நிற்கிறான். அந்த இடத்தில் ஒருவரும் உம் கொட்டவில்லை. அவள் ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடிக்கிறாள். "ஐயோ என் புருஷன் திரும்பி வந்துவிட்டான்! அங்கி அவனிடம்தானே போனது! வா வீட்டுக்கு, கூரை ஒழுகுகிறது, ஏறு!" ஊர் கூடுகிறது. துறவி தான் கள்ளன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கூரையில் ஏற வேண்டும். ஏறினான்.

பெண்கள் சிரித்து அடங்க நேரமெடுத்தது. ஆசிரியை கோப்பையைக் கீழே வைத்தார். "ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் துறவி அகப்பட்ட இடம் விளங்கியது. எல்லாரும் அமைதியானார்கள்" என்றார். போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு எச்சரித்தார்: "சோதனையில் வெளியூர்த் தேர்வாளர் இருப்பார். நீங்கள் கதை சொல்லும்போது நான் வாய் திறந்தால் அது உதவி செய்ததாகிவிடும். நிறுத்தாமல் சொல்லப் பழகுங்கள்."

பழகினேன். கணவரை முன்னால் இருத்தி, "இஞ்சாருங்கோ, உம் கொட்டாமல் கேளுங்கோ" என்றேன்.

"அதெப்பிடி? அது தன்ரபாட்டில வருகுது" என்றார். கடைசியில் வாய் நிறைய பிஸ்கட்டைப் போட்டுக்கொண்டு கேட்டார்.

சோதனை அறையில் பச்சை விரிப்புப் போட்ட மேசை. அந்தப் பக்கம் ஆசிரியை. பக்கத்தில் தேர்வாளர், நரைத்த மனிதர், கையில் பென்சில். பனியில் சத்திரத்தில் அடைபட்டவர்கள் சொன்ன கதை என்று நல்லாகத்தான் தொடங்கினேன். துறவி வந்தான், கனவைச் சொன்னான். அந்த வசனம் முடிந்ததும் என் வாய் தானாக நின்றுவிட்டது. நாலு சுவரும் என்னைப் பார்த்தன. பென்சில் எதையோ எழுதியது. அடுத்த சொல் நெஞ்சில் நிற்கிறது, மேலே வரவில்லை. படிப்பும் போச்சு, வேலையும் போச்சு.

"உம்" என்றார் ஆசிரியை.

எங்கள் வீட்டில் அவர் கேட்டுக்கொண்டு போன அதே உம், கொஞ்சம் மூக்கால் வந்தது. தேர்வாளர் சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தார். ஆசிரியை முகம் சிவந்து விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அவருக்கும் கெட்ட பெயர். ஆனால் கதை ஓடத் தொடங்கிவிட்டதே, சொன்னேன். அவள் அழுதுகொண்டே அங்கியை மடித்துக் கொடுத்தாள். மறுபடி நின்றேன். ஆசிரியை இந்த முறை உதட்டை இறுக்கிக்கொண்டார்.

தேர்வாளர் பென்சிலைக் கீழே வைத்தார். மூச்சை உள்ளே இழுத்து, "யா" என்றார்.

பிறகு என்னைப் பிடிக்க ஆளில்லை. வசனத்துக்கு வசனம் அந்த யா வந்தது. சந்தையில் அங்கியோடு துறவி நின்றபோது யா வரவில்லை, அவர் வாய் பாதி திறந்தபடி நின்றது. கூரையில் ஏற்றிவிட்டுத்தான் நிறுத்தினேன். இலக்கணம் எங்கெங்கே உடைந்தது என்று எனக்கே தெரியும்.

அவர் எழுதியிருந்ததை ஒருமுறை பார்த்தார், பிறகு தாளைத் தள்ளிவைத்தார். இனி இலக்கணக் கேள்வி வரப்போகிறது என்று நிமிர்ந்து இருந்தேன்.

"அந்தச் சத்திரத்தில் இருந்தவர்கள்," என்று முன்னால் சாய்ந்தார், "இதைக் கேட்டுவிட்டு என்ன சொன்னார்கள்?"

பாஸ் என்று அவர் பிறகுதான் சொன்னார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.