தெரியாமல் இருக்குமா

நீதிமன்றக் காகிதங்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். பெரும்பாலும் பாகப்பிரிவினை, வாடகைத் தகராறு, விவாகரத்து. ஆழ்வார்பேட்டையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அறையில் இருபத்தைந்து வருஷமாக இதைச் செய்துகொண்டிருக்கிறேன். சாட்சிகள் சொன்னதைப் படித்துப் படித்து, மனிதர்கள் மேல் பெரிய கோபமும் இல்லை, பெரிய நம்பிக்கையும் இல்லை என்றாகிவிட்டது.

தூக்குத் தண்டனை பற்றி எனக்குக் கருத்து இருந்ததா என்றால், இரண்டு இருந்தன. நந்தனத்தில் கல்லூரியில் படித்தபோது, பேச்சுப் போட்டியில் அது வேண்டும் என்று பேசி ஓர் எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன். மறு வருஷம் வேண்டாம் என்று பேசி இன்னொன்று வாங்கினேன். இரண்டு தடவையும் கைதட்டினார்கள்.

பிறகுதான் அந்த வழக்கு வந்தது. கீழ் நீதிமன்றம் ஒருவருக்குத் தூக்கு விதித்தால், அதை உயர் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும். அதற்காகச் சாட்சியம் முழுவதும் ஆங்கிலத்தில் வேண்டும். தண்டனை பெற்றவருக்காக வாதாடிய இளம் வக்கீல் காகிதக் கட்டை என் மேஜையில் வைத்து, "மூணு வாரத்துல முடிச்சுக் குடுத்துடுங்க சார்" என்றார்.

நடந்தது இதுதான். பெருங்குடிக்கு அப்பால், சதுப்பு நிலத்தின் ஓரத்தில், ஒருவர் பழைய சாமான் யார்டு வைத்திருந்தார். உடைந்த கம்ப்யூட்டர், பழைய ஒயர் எல்லாம் அங்கே வரும். உள்ளே இருக்கும் செம்புக்காக ஒயர்களைத் தினமும் கொளுத்துவார்கள். அந்தக் கறுப்புப் புகை எதிரே இருந்த வீடுகளுக்குள் போகும். அவற்றில் ஒன்றில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் இருந்தார். அவர் மனைவிக்கு மூச்சிரைப்பு. புகைக்காக அவர் யார்டு முதலாளியிடம் பல தடவை சண்டை போட்டார். ஒரு நாள் மனைவி இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நடுப்பகலில், யார்டுக்குள் இருந்த கொட்டகையில் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திவிட்டார். முதலாளி அங்கே இல்லை. இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேனும், அவருக்குச் சோறு கொண்டுவந்த அவர் மனைவியும்தான் உள்ளே இருந்தார்கள். இருவரும் பிழைக்கவில்லை.

உள்ளே ஆள் இருந்தது கொளுத்தியவருக்குத் தெரியுமா என்பதில்தான் வழக்கே நின்றது. யார்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மாவிடம் அதைக் கேட்டிருந்தார்கள். அவர் சொன்ன பதில் தமிழில் இப்படிப் பதிவாகியிருந்தது: "அவருக்குத் தெரியாமல் இருக்குமா."

நான் அதை ஆங்கிலத்தில் "அவருக்குத் தெரியும்" என்று சுருக்கமாக முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அன்று எனக்கு முதுகுவலி. இன்னும் நூற்றுச் சொச்சம் பக்கம் பாக்கி இருந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை, அன்று அப்படித்தான் இருந்தது.

கட்டைக் கொடுத்து நாலு நாள் கழித்து, காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்த வரி நினைவுக்கு வந்தது. வக்கீலுக்குப் போன் செய்தேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?" என்றார்.

"ஒண்ணு இல்ல. அந்தம்மா ஊகமாச் சொன்னத நான் கண்ணால பார்த்த மாதிரி எழுதிட்டேன்."

"ஊகம்தான்னு நான் கோர்ட்ல எப்படிச் சொல்றது? எழுதியிருக்கறதுல கேள்விக்குறி கூட இல்ல."

"நான் போய் அவங்க எப்படிப் பேசறாங்கன்னு கேட்டுட்டு வரேன்" என்றேன்.

"நீங்க போறது எனக்குத் தெரியாது சார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டு பஸ் மாறிப் போனேன். யார்டு பூட்டிக் கிடந்தது. டீக்கடை அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நான் யார், எதற்கு வந்தேன் என்று மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"டெய்லி இந்தப் பக்கமா போறவன் சார் அவன். வாட்ச்மேன் பகல்ல அங்கதான் தூங்குவாருன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். அப்ப அவனுக்குத் தெரியாம இருக்குமா? அதான் சொன்னேன். அன்னிக்கு அவன் மனசுல இன்னா இருந்துதுன்னு எனக்கு எப்டி தெரியும்? பொண்டாட்டிய தூக்கிக் குடுத்துட்டு நின்ன ஆளு."

"புகையைப் பத்திக் கேட்டாங்களாம்மா?"

"கேக்கல. நானா சொல்ல வந்தேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னுட்டாங்க." டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "நீ எந்த ஏரியா சார்?"

"ஆழ்வார்பேட்டை."

"அங்கேந்து நெறைய பழைய சாமான் வண்டி வரும்" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சும்மா ஒரு தகவலாகத்தான் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் அறையிலிருந்தே இதுவரை இரண்டு மானிட்டர், ஒரு பிரிண்டர், ஒரு பை நிறைய ஒயர் போயிருக்கின்றன. வாசலுக்கு வரும் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டு, இடம் காலியானது என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன். எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நல்ல இடத்துக்குப் போகாது என்பது எனக்குத் தெரியாமல் இருந்ததா? யாராவது கூண்டில் ஏற்றி என்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போதும் தெரியவில்லை.

அந்தப் பக்கத்தைத் திருத்தி, பிழை என்னுடையது என்று ஒரு குறிப்பும் எழுதிக் கொடுத்தேன். வக்கீல் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

தீர்ப்பு நாளன்று நானும் போனேன். அப்படிப் போனது அதுதான் முதல் தடவை. பின்வரிசையில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் சீருடைப் புடவை. இறந்துபோன வாட்ச்மேன் தம்பதியின் மகள் என்று பிறகுதான் தெரிந்தது. தீர்ப்பை ஆங்கிலத்தில் வாசித்து முடித்ததும் அவள் என் பக்கம் திரும்பி, "இன்னா சார் சொல்றாங்க?" என்று கேட்டாள்.

"தூக்கு இல்லம்மா. ஆயுள் தண்டனையா மாத்திட்டாங்க."

அவள் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் வெளியே போன பிறகும் உட்கார்ந்தே இருந்தாள். வெளியே வராந்தாவில் அவள் யார் என்று தெரிந்ததும், நான் யார் என்பதைச் சொன்னேன். திருத்திய வரியைப் பற்றியும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவளுக்குத் தெரிய வேண்டியதுதான் என்று தோன்றியது.

அவள் தூணில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

"அவன் சாவணும்னுதான் சார் எனக்கு இருந்துது. மூணு வருசமா அத்தயே நெனச்சிகினு இருந்தேன். காலைல எழுந்தா அதான் மொதல்ல வரும். இப்ப இன்னா நெனைக்கிறதுன்னே தெரியல."

"என் மேல கோபம் இருந்தா சொல்லிடும்மா."

"கோவப்படக்கூட தெம்பு இல்ல சார்." பிறகு, "யார்டு ஓனருக்கு இன்னா போட்டாங்க?" என்று கேட்டாள்.

"அவர் இந்தக் கேஸ்லயே இல்லம்மா."

"அவரும்தான கொளுத்துனாரு. டெய்லி கொளுத்துனாரு. எங்கப்பாவும்தான் அந்தப் பொகையிலயே கெடந்தாரு. இருமி இருமி ராத்திரியெல்லாம் தூங்க மாட்டாரு."

நான் தீர்ப்பை முழுக்கப் படித்தேன். புகையைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருந்தது, குற்றம் செய்தவரின் மனநிலையைச் சொல்லுமிடத்தில். தண்டனையைக் குறைத்ததற்கு வேறு காரணங்கள் சொல்லியிருந்தார்கள். நான் திருத்திய வரி எங்கேயும் மேற்கோளாக வரவில்லை. அதற்காக நான் வருத்தப்படவுமில்லை, நிம்மதி அடையவுமில்லை. இரண்டு பேர் எரிந்து செத்திருக்கிறார்கள். கொளுத்தியவர் உயிரோடு இருப்பது சரி என்றுதான் இன்று நினைக்கிறேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து அதை மேடையில் சொன்ன மாதிரி சொல்ல என்னால் முடியவில்லை.

அவளுக்கு அரைநாள்தான் லீவு. ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். முதலாளி இப்போது இன்னும் தெற்கே தள்ளிப் போய் வேறு பெயரில் யார்டு போட்டிருக்கிறார் என்றாள். அங்கேயும் எதிரே வீடுகள் இருக்கின்றன என்றாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் அறைக்கு வந்தாள். அவள் சொல்லச் சொல்ல, அந்தப் புது யார்டின் புகையைப் பற்றி அதிகாரிகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு புகார் எழுதினேன். எழுதியதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் "இப்படி நான் சொல்லல சார்" என்றாள். திருத்தினேன். அப்புறம் கையெழுத்துப் போட்டாள்.

எட்டு மாதம் ஆகிறது. மாதத்துக்கு ஒரு தடவை, கடையில் சாப்பாட்டு இடைவேளையில் போன் செய்வாள்.

"எதுனா வந்துதா சார்?"

"இன்னும் இல்லம்மா. மறுபடியும் எழுதியிருக்கேன்."

"சரி சார்" என்று சொல்லி வைத்துவிடுவாள்.