இரண்டு ஆள் பங்கு

நெற்குப்பை ஊரில் அந்த வீட்டின் முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு நடந்தால் கால் வலிக்கும். அவ்வளவு பெரிய வீட்டில் தேனம்மைக்கு வாய்த்த அடுப்படியில் இரண்டு பேர் நின்றால் இடித்துக்கொள்வார்கள். நின்றது என்னவோ ஒருத்திதான்.

கல்யாணமான மகனை அங்கே வேறு வைத்துவிடுவார்கள். சண்டை சச்சரவெல்லாம் இல்லை, வழக்கம். கூரை ஒன்று, அடுப்பு வேறு. வருஷத்துக்கு வேண்டிய அரிசி, பருப்பு, புளி, மிளகாய் எல்லாவற்றையும் தை மாதத்தில் மாமியார் பெத்தாச்சி ஆள் கணக்குப் பார்த்து அளந்து கொடுப்பாள். தேனம்மைக்கு இரண்டு ஆள் பங்கு. அவளுக்கு ஒன்று, புருஷன் மெய்யநாதனுக்கு ஒன்று.

மெய்யநாதன் வேறு வைத்த வருஷமே பினாங்குக்குக் கப்பலேறியவன். முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது. அப்புறம் தீபாவளிக்கு மட்டும். அப்புறம் அதுவும் இல்லை. ஆனால் அவன் பங்கு மட்டும் தை தவறாமல் வந்தது. அளக்கிறவள் பெற்ற தாய். அவளே மகனுக்கும் சேர்த்து அளக்கிறாள் என்றால் அவன் வரத்தானே போகிறான்? தேனம்மை பிடித்துக்கொண்டிருந்த கொம்பு அது ஒன்றுதான்.

அதனால் மிஞ்சுவதைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. துவரம்பருப்பில் விளக்கெண்ணெய் தடவினாள். அரிசியில் வேப்பிலையும் வற்றல் மிளகாயும் போட்டாள். புளியைக் கொட்டை நீக்கி, உப்புப் போட்டு ஜாடியில் அழுத்தினாள். பரண் நிறைந்து, அடுப்புக்குப் பக்கத்திலும் டின்கள் ஏறின. குன்றக்குடி கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்குக் கொஞ்சம் கொடுத்தாள். அப்படியும் மிஞ்சியது. மிஞ்சியதை யாரும் பார்க்கக்கூடாது என்று, மற்றவர்கள் மத்தியானம் கண்ணயரும் நேரத்தில் பின்கட்டில் ஒவ்வொரு முறமாகக் காயவைத்து எடுத்தாள். திருடிகூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். தனக்குப் பசித்தால் பொங்கித் தின்னலாம். தனியாக உட்கார்ந்து தின்பதுதான் தொண்டையில் இறங்கவில்லை.

அறுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் பருப்பிலும் பயற்றிலும் வண்டு விழுந்து எல்லா டின்னுக்கும் பரவிவிட்டது. மார்கழியில் வெயில் எட்டிப் பார்த்ததும் அவளுக்கு வேறு வழியில்லை. முறம் முறமாகக் காயவைத்தால் பொங்கலுக்குள் முடியாது. எல்லாவற்றையும் வீட்டு நடுவே வளவு முற்றத்தில் பாய் விரித்துக் கொட்டினாள்.

பெத்தாச்சி வந்து நின்று பார்த்தாள்.

"என்னத்தா, இம்புட்டுக் கெடக்கு?"

"மழையில வண்டு விழுந்துருச்சு அயித்தை. அதான்..."

பெத்தாச்சி பாய்களை ஒருதரம் கண்ணால் அளந்தாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். தேனம்மை வண்டு பொறுக்க உட்கார்ந்தாள்.

தை பிறந்தது. களஞ்சிய அறை வாசலில் மருமகள்கள் பாத்திரங்களோடு வரிசையாக நின்றார்கள். தேனம்மை இரண்டு தவலைகளை வைத்தாள். பெத்தாச்சி ஒன்றை நிரப்பிவிட்டு, அடுத்து நின்ற உமையாளின் பாத்திரத்துக்கு மரக்காலைக் கொண்டுபோனாள்.

"அயித்தை, இன்னொண்ணு இருக்கு."

"ஒனக்கு இது போதும்த்தா. வீணாத்தான போகுது."

"எனக்குப் போதும். அவுகளுக்கு?"

பெத்தாச்சி அளப்பதை நிறுத்தவில்லை. தலையும் நிமிரவில்லை.

"அயித்தை, அவுகளுக்கு ஏதும் ஆயிப்போச்சா? மறைக்காமச் சொல்லுங்க."

"வாயக் கழுவு! எம்மகன் அங்குட்டு நல்லாத்தான் இருக்கான்." ஆத்திரத்தில் வந்த வார்த்தை நிற்கவில்லை. "ரெண்டு புள்ளைக்குத் தகப்பனாயிட்டான்."

தேனம்மை திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். உமையாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் முந்தானையைச் சரிசெய்தாள். வரிசையில் ஒருத்தியும் திடுக்கிடவில்லை.