உச்சிக்குப் போன சலவை அக்கா

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் சலவை அக்கா. அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத நீண்ட அறையில், இருபத்தாறு வருடமாக வார்டு விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து அடுக்குகிறவள். வெளியே மழையா வெயிலா என்பதை, மேலிருந்து வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். வயது ஐம்பத்து நான்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடப் பிறந்தவன் ஒரே தம்பி. அவனுக்கும் அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை, லிஃப்ட் மெக்கானிக்.

தம்பியும் அவனோடு வேலை பார்க்கும் நான்கு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையேறுவதாகப் பேசி வைத்திருந்தார்கள். வானிலைச் செய்தியைக் கேட்டதும் நான்கு பேரும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அவனைத் தனியே விட மனமில்லாமல் அக்கா கிளம்பினாள்.

அடிவாரத்தில் வனக் காவலர் தடுத்துப் பார்த்தார். "மதியத்துக்கு மேல மழை பிடிக்கும்போல இருக்கு. மேல உச்சியில வயர்லெஸ் டவர் பக்கத்துல எங்க ரூம் ஒண்ணு இருக்கு, போன் இருக்கு. ஆனா அவ்வளவு தூரம் போகாதீங்க. பாதியில திரும்பிடுங்க."

தலையாட்டிவிட்டுத்தான் ஏறினார்கள். ஆனால் அக்காவுக்கு நடக்க நடக்க உற்சாகம் பிடித்துக்கொண்டது. நீராவியிலேயே வெந்த உடம்புக்கு அந்தக் குளிர்காற்று என்னவோ செய்தது. தம்பி மூச்சு வாங்கும் இடங்களில் அவள் முன்னால் போய் நின்று கேலி செய்தாள்.

பதினோரு மணிக்கு மேகம் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் பாதை தெரியவில்லை. தம்பி நின்றுவிட்டான்.

"போதும்க்கா. திரும்பிடலாம்."

"இன்னும் ஒரு மணி நேரம்தானேடா. இவ்வளவு தூரம் வந்துட்டு..."

அதைச் சொன்னது தான்தான் என்பதை அவள் பிறகு யாரிடமும் மறைத்ததில்லை.

கால் மணி நேரத்தில் மழை கொட்டியது, கூடவே ஆலங்கட்டி. வழுக்குப் பாறையில் தம்பியின் கால் பிசகி, இரண்டு ஆள் உயரம் உருண்டு ஒரு புதரில் போய் நின்றான். அவள் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கிப் பார்த்தபோது, இடது முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. செல்போனில் சிக்னல் ஒரு கோடு கூட இல்லை. கீழே போக நான்கு மணி நேரம். மேலே, அந்த அறைக்கு ஒரு மணி நேரம்.

ஈரத்துணி உடம்புச் சூட்டை எப்படி உறிஞ்சும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவன் சட்டையைக் கழற்றினாள். பையில் பிளாஸ்டிக் உறைக்குள் நனையாமல் இருந்த தன் ஸ்வெட்டரை அவனுக்கு மாட்டி, அதன்மேல் மழைக்கோட்டைச் சுற்றினாள்.

"மேல போய் ஆளக் கூட்டிட்டு வரேன். தூங்கிடாத."

"போகாதக்கா." எந்தக் காலத்திலும் அவன் அப்படிக் கெஞ்சியதில்லை.

துப்பட்டாவைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, வழிநெடுகப் புதர்களில் கட்டிக்கொண்டே ஏறினாள். சில இடங்களில் நான்கு காலில் தவழ வேண்டியிருந்தது. உச்சியில் டவர் இருந்தது, அறை இருந்தது. கதவில் பூட்டுத் தொங்கியது. உதைத்தாள், கத்தினாள். உள்ளே ஆள் இல்லை. கல்லால் ஜன்னல் கண்ணாடியை உடைத்து, கையைக் கிழித்துக்கொண்டு உள்ளே விழுந்தாள். சுவரில் இருந்த போனில் உயிர் இருந்தது. தம்பி கிடக்கும் இடத்தைச் சொன்னாள்.

"வர நாலு மணி நேரமாவது ஆகும்மா," என்றது மறுமுனைக் குரல். "நீங்க அந்த ரூமை விட்டு எங்கயும் நகராதீங்க."

கட்டில் காய்ந்திருந்தது. இரண்டு கம்பளிகள். உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை, எழுந்திருக்க மனமும் வரவில்லை. நகரக் கூடாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். நாளைக்கு யார் கேட்டாலும் சொல்லிக்கொள்ள வாகான பதில் அது, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இப்படி அவன் சாவுக்கு வாய் ஏற்கெனவே பதில் தயார் செய்துவிட்டது என்று உறைத்ததும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கம்பளிகளைப் பையில் திணித்துக்கொண்டு ஜன்னல் வழியே மறுபடி வெளியே குதித்தாள்.

கீற்றுகளில் பாதியைக் காற்று கொண்டுபோயிருந்தது. ஒரு கட்டத்தில் கீற்றும் இல்லை, பாதையும் இல்லை. பெயர் சொல்லிக் கத்தினாள். பதில் வரவில்லை. கடைசியில் அவன் ஷூ காலில் இடறியது. அவன் மழைக்கோட்டையும் ஸ்வெட்டரையும் கழற்றி எறிந்துவிட்டு வெற்றுடம்போடு படுத்திருந்தான்.

"புழுங்குதுக்கா," என்றான், நீலம் பாரித்த உதட்டோடு.

குளிரில் விறைத்துச் சாகப்போகிறவர்களுக்குத்தான் கடைசியில் இப்படிப் புழுங்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லக் கேட்டிருந்தாள். அவனைத் துடைத்து, கம்பளியில் சுருட்டி, தானும் உள்ளே நுழைந்து அவன்மேல் படுத்துக்கொண்டாள். அவன் கண் சொருகும்போதெல்லாம் கன்னத்தில் அறைந்தாள். பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று வாயில் வந்ததையெல்லாம் பேசினாள். அதில் இதுவும் வந்தது:

"அங்க கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன்டா. உன்னை விட்டுடலாம்னு தோணிச்சு."

அவன் கண் மறுபடி சொருகியது. செத்துவிட்டான் என்றே நினைத்தாள்.

"வந்துட்டல்ல," என்றான் பிறகு.

ஐந்தரை மணிக்கு ஆறு பேர் தூக்குப் படுக்கையோடு வந்தார்கள். அவள் விரல்களை அவன் தோளிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

அவர்கள் ஆஸ்பத்திரியிலேயே அவன் காலில் கம்பி வைத்தார்கள். ரத்த ஓட்டம் நின்று கறுத்துப்போன மூன்று கால் விரல்களை எடுத்துவிட்டார்கள். இனி லிஃப்ட் கிணற்றுக்குள் ஏணி வைத்து ஏறுகிற வேலை அவனால் முடியாது; உதிரிபாக அறையில் உட்கார்த்தி வைப்பதாக மேலதிகாரி சொன்னார். அவள் எட்டாம் நாள் வேலைக்குத் திரும்பினாள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் மேலே போய், அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். அவன் ஊர்க்கதை பேசுவானே தவிர, மலையைப் பற்றிப் பேச மாட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்குப் போகிற அன்று, வாசலில் நின்று கேட்டேவிட்டாள்.

"ஒரு தடவையாவது என்னைத் திட்டுடா."

ஊன்றுகோலைச் சரிசெய்துகொண்டே அவன் சொன்னான். "திட்டி என்னக்கா ஆகப்போகுது. கையைக் கொடு, படி இறங்கணும்."