ராகுகாலம் காத்த ஆட்டுக்கொட்டில்

கப்பலில் வந்து இறங்கிய ஆட்டை உங்கள் கொட்டிலில் கட்டுமுன் எதைக் கேட்பீர்கள்: அதன் இரத்தப் பரிசோதனை முடிவையா, கட்டுவதற்கு நல்ல நேரத்தையா? பொய் சொல்ல வேண்டாம்.

தயாளினி கிளிவெட்டிக்காரி. பத்துப் பொருத்தமும் பார்த்து, சாத்திரியார் குறித்த முகூர்த்தத்தில் தாலி கட்டியவன் மறு வருடமே கம்பி நீட்டிவிட்டான். அன்றைக்கே பஞ்சாங்கம் அடுப்புக்குள் போனது. மிஞ்சியவை ஆடுகள். அவற்றை வைத்துத்தான் மகளைப் படிப்பிக்கிறாள். அதோடு, திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், வெளிநாட்டு விலங்குகளைத் தனிமைப்படுத்தி வைக்கும் கொட்டிலில் காவல் வேலை. அதன் பூட்டுக்கான திறப்பு அவள் இடுப்பில்.

அந்த வெள்ளிக்கிழமை கொட்டில் நிறையக் கப்பல் ஆடுகள். பரிசோதனை முடிவு வரும்வரை ஒன்றும் வெளியே போகக் கூடாது என்பது சட்டம். கிளிவெட்டியிலோ அந்த ஆடுகளை ஊருக்கு வழங்கும் ஓர் அரசியல்வாதியின் விழாவுக்குப் பந்தல் போட்டாயிற்று. அவருடைய செயலாளர் துவாரகன் லொறியோடு வந்து நின்றார்.

"திறவுங்கோ தங்கச்சி."

"முடிவு வரேல்லை ஐயா. தொத்து வருத்தம் இருந்தா ஊரில ஒரு ஆடு மிஞ்சாது. என்ர ஆடுகளும் அங்கதான் நிக்குது."

"அதுக்கென்ன, உங்களுக்கும் ரெண்டு தாறம்."

அவர் யாருக்கோ தொலைபேசி எடுத்தார். சற்று நேரத்தில் கொட்டிலுக்குப் பொறுப்பான மிருக வைத்தியர் தயாளினியைத் தொலைபேசியில் அழைத்து, குரல் உள்ளே போனபடி, "திறந்து விடும் பிள்ளை" என்றார். சட்டத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

தயாளினி திறப்பை எடுத்தாள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"ஓம் ஐயா, திறக்கிறன். பத்தரை தாண்டிட்டுது, ராகுகாலம். உங்களுக்குப் பரவாயில்லைத்தானே?"

துவாரகனின் முகம் செத்துப்போனது. "தேர்தல் வருது... கொஞ்சம் பொறுங்கோ."

லொறி இயந்திரம் நின்றது. சட்டத்துக்குக் காத்திருக்க ஏலாதவர் ராகுவுக்காகக் கதிரையில் அமர்ந்து பிளேன்ரீ குடித்தார்.

பன்னிரண்டு அடிக்குமுன் வைத்தியர் மறுபடி அழைத்தார். சில ஆடுகளுக்குத் தொற்று. இப்போது குரல் திரும்பியிருந்தது. "ஒண்டையும் விடாதேயும்."

துவாரகன் நெற்றியைத் துடைத்தார். "பாத்தீங்களே? ராகுகாலத்தில திறந்திருந்தா என்ன நடந்திருக்கும்?"

"பன்னிரண்டுக்குப் பிறகு திறந்திருந்தாலும் அதுதான் ஐயா" என்றாள் தயாளினி, கோப்பையைக் கழுவிக்கொண்டே.

எல்லா லொறியும் ராகுகாலத்தில் வந்து நிற்காது. உங்கள் ஊர் மேடையில் யாராவது ஆடு கொடுத்தால், கயிற்றை வாங்குமுன் பரிசோதனை முடிவைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல நேரம் தப்பிவிடும் என்று அவசரப்படுத்தினால், கயிற்றை அவர் கையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.