எல்லாம் அண்ணையின் பேரில்

ஒரு கம்ப்யூட்டர் விஷயத்துக்காக ஒரு மனுஷி இவ்வளவு காலம் கோபத்தோடு இருக்க முடியுமா என்று என் மகள் கேட்கிறாள். முடியும். நான் இருக்கிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே சாப்பாட்டுக் கடை. காலையிலேயே ரோல்ஸ் பொரிக்கும் மணம் படியேறி வந்துவிடும். தமிழில் கலியாணக் கார்ட் அடிக்கும் மென்பொருள் ஒன்றை அங்கே மூன்று பேர் செய்துகொண்டிருந்தோம். முதலாளியை அண்ணை என்று கூப்பிடுவோம். இரண்டாவது ஆள் அவருடைய மனைவியின் தம்பி. மச்சினர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நான். அந்த மென்பொருளில் முக்கால்வாசியை எழுதியது நான். இதைப் பணிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது, பழகவும் போவதில்லை.

யாழ்ப்பாணத்தில் என் பல்கலைக்கழகப் படிப்பைச் சண்டை பாதியில் நிறுத்திவிட்டது. கையில் பட்டம் இல்லை. டவுன்டவுனில் எந்தக் கம்பனிக்கு நேர்முகத்துக்குப் போனாலும் கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறதா, நீ எழுதியது என்ன, காட்டு என்பார்கள். காட்டுவதற்கு என்னிடம் இருந்தது இந்த மென்பொருள் ஒன்றுதான். அதில் என் பேர் எங்குமே இல்லை. விளம்பர நோட்டீஸில் 'எமது நிறுவனரின் அயராத உழைப்பில்' என்று போட்டிருந்தார்கள். அண்ணை அயராதது உண்மைதான். எதையாவது செய்தால் அல்லவா அயர்வதற்கு?

நாங்கள் எழுதுவதையெல்லாம் ஒரே போல்டரில் போட்டுவைப்பது வழக்கம். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ரியல் ஃபைனல்' என்று பேர் வைத்த ஃபைல்கள் அதற்குள் குவிந்து கிடக்கும். ஒருநாள் மச்சினர் மத்தியானச் சாப்பாடு முடித்து ஏப்பம் விட்டபடி வந்து உட்கார்ந்து, தன்னுடைய பழைய ஃபைலை என்னுடைய புதிய ஃபைலுக்கு மேலே சேமித்தார். இரண்டு கிழமை வேலை போய்விட்டது. 'ஐயோ, தங்கச்சி, தெரியாமல் நடந்திட்டுது' என்று சிரித்தார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

அன்று அண்ணையின் மேசைக்கு முன்னால் போய் நின்று, வெர்ஷன் கன்ட்ரோல் போடாவிட்டால் நான் இனி ஒரு வரி எழுதமாட்டேன் என்றேன். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் ஏற்பாடு அது. தவறி அழித்தால் பழையதை எடுக்கலாம். எனக்கு அதைவிட முக்கியமானது, நான் எழுதிய வரிக்குப் பக்கத்தில் என் பேர் இருக்கும் என்பது. அதை நான் வெளியே சொல்லவில்லை.

அண்ணை சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. 'உந்தக் கறுப்புத் திரையில கொமாண்ட் அடிக்கிற விளையாட்டெல்லாம் எங்களுக்குச் சரிவராது. மவுஸால அமத்திற மாதிரி ஏதும் இருந்தால் பார்த்துச் சொல்லும்.'

பார்த்தேன். ஒரு கிழமை முழுக்க வேறு வேலை இல்லாமல் அதையே பார்த்தேன். அந்த ஏற்பாட்டை ஜன்னலும் பொத்தானுமாக இயக்க உதவும் மென்பொருள்கள், கிளையன்ட் என்பார்கள், அப்போது அதிகம் இல்லை. ஒன்று எங்கள் மெஷினில் திறந்தவுடனேயே உறைந்துபோனது, அதை விட்டுவிட்டேன். மிச்சம் இரண்டு. முதலாவது பார்க்க அழகாக இருந்தது: இடது பக்கம் போல்டர்கள் கிளை விரித்து நிற்கும், வேலை முடிந்த ஃபைலுக்குப் பச்சைச் சரி விழும். ஆனால் அது ஆளின் பேரைக் கேட்காது. மெஷினைத் திறக்கும்போது எந்தப் பேரில் திறந்தோமோ அந்தப் பேரையே எடுத்துக்கொள்ளும். எங்கள் மூன்று மெஷின்களையும் வாங்கி வைத்தபோது அண்ணை மூன்றுக்கும் தன்னுடைய பேரையே போட்டிருந்தார். இரண்டாவது கிளையன்ட் பார்க்கச் சகிக்காது. சாம்பல் நிறம், எது எதற்கென்று விளங்காத பொத்தான்கள். ஆனால் திறந்தவுடன், நீ யார் என்று கேட்கும். பேரும் பாஸ்வேர்டும் கொடுத்தால்தான் உள்ளே விடும்.

இரண்டாவதுதான் வேண்டும் என்றேன். மச்சினர் இரண்டையும் ஒரு நிமிடம் பார்த்தார். 'முதலாவது வடிவாக் கிடக்கு. உது என்ன, செத்த வீட்டு நோட்டீஸ் மாதிரி?'

'வடிவுக்கு இல்லை, அண்ணை,' என்றேன் முதலாளியிடம். 'ஆர் செய்தது எண்டு தெரியவேணும்.'

'ஏன் தெரியவேணும்? நாங்கள் எல்லாம் ஒரு குடும்பம் தானே, தங்கச்சி. குடும்பத்துக்குள்ள ஆளாளுக்குப் பேர் ஏன்?'

அப்படியானால் ஒவ்வொரு மெஷினையாவது அவரவர் பேரில் மாற்றலாமே என்று கேட்டேன். அப்படிச் செய்தால் தனக்கு வந்து திறந்து பார்க்க முடியாமல் போகும் என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. பச்சைச் சரி வென்றது.

அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு வரியும் அண்ணையின் பேரில் பதிந்தது. காலையில் மோர்னிங்சைடிலிருந்து பனிக்குள் பஸ் பிடித்து வந்து, பனி உருகத் தெருவில் தூவும் உப்பு சப்பாத்தில் காய்வதற்கு முன்பே வேலையைத் தொடங்குவேன். அந்த நேரத்தில் அண்ணை யூனியன்வில் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார். யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும் வரலாற்று ஜன்னலைத் திறந்தால், அவர்தான் காலையிலேயே எழுதிக் குவித்திருப்பார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சிறு குறிப்பு எழுத ஒரு பெட்டி உண்டு. மச்சினர் அதில் ஒரு புள்ளி வைப்பார். நான் என்ன செய்தேன் என்று எழுதி, அடியில் என் பேரையும் போட்டேன். சில நாட்களில் அண்ணை கூப்பிட்டார். 'உதில பேர் போடாதையும். ஆரும் பார்த்தால் என்ன நினைப்பினம்?' யார் பார்ப்பார்கள் என்று கேட்கத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

பிறகு அந்தக் கலியாணக் கார்ட் வந்தது.

எங்கள் கலியாணக் கார்டுகள் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. ஒரு பக்கம் பெண்ணின் தாய் தகப்பன் பேர், மறுபக்கம் மாப்பிள்ளையின் தாய் தகப்பன் பேர். எங்கள் மென்பொருளை வாங்கிய ஒரு அச்சகக்காரர் அதில் ஒரு கார்ட் அடித்தார். திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. பேப்பரில் மாப்பிள்ளை பக்கத்தின் கடைசி வரி விழவில்லை. அந்த வரியில்தான் மாப்பிள்ளையின் தாய் தகப்பன் பேர் இருந்தது. அச்சடித்த மாதிரியைச் சரிபார்த்துக் கொடுத்தது பெண் வீட்டார். அவர்கள் தங்கள் பேர்களையும் பட்டங்களையும் எழுத்தெழுத்தாகப் பார்த்தார்கள். மறுபக்கம் ஒரு கண்கூட வைக்கவில்லை. கார்டுகள் பாதி ஸ்காபரோவுக்குப் போய்விட்டன.

அச்சகக்காரரும் மாப்பிள்ளையின் தகப்பனும் ஒன்றாகப் படியேறி வந்தார்கள். தகப்பன் கார்டை அண்ணையின் மேசையில் எறிந்தார்.

'என்ர பேர் இல்லாமல் என்ர மகன்ர கலியாணமோ? அவனை நான் வளர்க்கேல்லையோ? ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்குது!'

அந்த அறையில் அவருடைய கோபம் முழுதாக விளங்கியது எனக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன். எழுந்து போய் ஒரு கதிரையை இழுத்து அவரை இருக்கச் சொன்னேன்.

புதிதாக அடித்துத் தருவதாகச் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு அண்ணை திரும்பினார். முகம் சிவந்திருந்தது. 'உது ஆர் செய்தது?'

மச்சினர் யோசிக்கவே இல்லை. 'பிரின்ட் பண்ணுற பகுதி தங்கச்சிதானே எழுதினது.'

அந்தப் பகுதியை எழுதியது நான் என்று அந்த அலுவலகத்தில் முதல்முறையாக ஒருவர் சொன்னார். அதுவும் இப்படி. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நல்லது நடந்தால் நாங்கள் குடும்பம். பிழை வந்தவுடன் குடும்பத்துக்குள் தேடி என்னைப் பிடித்துவிட்டார்கள். என் திரையில் வரலாற்று ஜன்னலைத் திறந்தேன். பேப்பரின் ஓர அளவை யாரோ 'அழகாக்கி' மூன்று வரிகளை மாற்றியிருந்தார்கள், அதனால்தான் கடைசி வரி பேப்பருக்கு வெளியே போயிருந்தது. குறிப்புப் பெட்டியில் ஒரு புள்ளி. அந்தத் திகதியில் நான் இமிகிரேஷன் அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். லீவு தந்ததே அண்ணைதான்.

'ஆர் எண்டு போட்டிருக்கு?' என்றார் அண்ணை.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். 'நீங்கள் எண்டுதான் போட்டிருக்கு, அண்ணை.'

அவர் தன் பேரைப் பார்த்தார். பிறகு புள்ளியைப் பார்த்தார். அந்தப் புள்ளி யாருடையது என்று மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் மனைவியின் தம்பியைக் குற்றம் சொல்லிவிட்டு யூனியன்வில்லில் போய் நிம்மதியாகச் சாப்பிட முடியுமா? மச்சினர் ஜன்னலுக்கு வெளியே கார் பார்க்கிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு 'மன்னியும்' கூட யாரும் சொல்லவில்லை. கடைசியில் அண்ணை தொண்டையைச் செருமினார்.

'இப்பிடியே விடேலாது. ஆர் பிழை விட்டது எண்டு தெரியவேணும். நீர் முந்திச் சொன்ன மற்றதைப் போடும்.'

நான் செய்தது தெரிவதற்காகக் கேட்டபோது கிடைக்காதது, பிழையைப் பிடிப்பதற்கென்றால் ஒரே நிமிடத்தில் கிடைத்தது.

'எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திற வேலையையும் நீரே செய்யும். எனக்கு உதுக்கு நேரமில்லை.'

'ஓம் அண்ணை,' என்றேன்.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. பழைய கிளையன்ட் சேர்த்து வைத்த வரலாறு புதியதற்கு வராது. அன்றைய நிலையில் இருக்கிற ஃபைல்களை எடுத்துப் புதிய இடத்தில் வைக்க வேண்டும். வைக்கிறவர் யாரோ, அவருடைய பேர் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் விழும். அது எனக்குத் தெரியும். அவர்கள் இருவருக்கும் தெரியாது, கேட்கவும் இல்லை. முதலில் மச்சினரின் மூன்று வரிகளைத் திருத்தினேன். பிறகு அந்த அசிங்கமான சாம்பல் ஜன்னலைத் திறந்தேன். நீ யார் என்று அது கேட்டது. என் முழுப்பேரையும், தகப்பன் பேரோடு சேர்த்து அடித்தேன்.

அண்ணை அதைக் கவனிக்கச் சில நாட்கள் எடுத்தது. ஒருநாள் என் மேசைக்கு வந்து நின்றார்.

'என்ன பிள்ளை, முழுக்க உம்மட பேரில கிடக்கு? அவன் எழுதினதும் உம்மட பேரில கிடக்கு?'

'நாங்கள் எல்லாம் ஒரு குடும்பம் தானே, அண்ணை.'

அவர் திரைக்குக் கிட்டக் குனிந்தார். 'உதை மாத்தேலாதோ?'

மாற்றலாம். அவருடைய பேரில் இன்னொருமுறை கொண்டுபோய் வைத்தால் அரை மணி நேரத்தில் மாறிவிடும்.

'ஏலாது, அண்ணை,' என்றேன்.

அன்று பின்னேரம் அந்த வரலாற்றை முழுவதும் அச்சிட்டு, என் பேர் இருக்கிற பக்கங்களைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அடுத்த கிழமை டவுன்டவுனில் ஒரு நேர்முகம் இருந்தது.